கண்மாய்க் கரையில் கற்ற ஓர் ஆங்கிலச் சொல்

"எங்கள் ஊரில் நிறைய பயோடைவர்சிட்டிகள் இருக்கின்றன" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எதிரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "அப்படியா, எத்தனை இருக்கும்?" என்று கேட்டார். கேலி என்பது எனக்கு உறைக்கவில்லை. விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். பெரிய கண்மாய் ஒன்று, சின்னக் கண்மாய் ஒன்று, கோயில்காடு ஒன்று, ஊருக்குப் பின்னால் பொட்டல் மலை ஒன்று. "நான்கு மேடம்" என்றேன்.

அது 2009ஆம் ஆண்டு. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, மதுரையில் தமிழ் வழியில் விலங்கியல் படித்து முடித்திருந்தேன். ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளர் வேலைக்கான நேர்காணல் அது. பயோடைவர்சிட்டி, அதாவது உயிரினப் பன்மை. முதல்நாள் இரவு முழுவதும் அந்தச் சொல்லுக்கான வரையறையை மனப்பாடம் செய்திருந்தேன். கேட்டதும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டேன். ஒப்பித்ததோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும்தான் சாயம் வெளுத்தது.

அம்மையார் விடவில்லை. "நூறு ஏக்கர் தைலமரத் தோப்பு இருக்கிறது. ஐந்து ஏக்கர் கோயில்காடு இருக்கிறது. எதில் பயோடைவர்சிட்டி அதிகம்?" என்றார். தைலமரத் தோப்பில் என்றேன். மரம் அதில்தானே அதிகம்? மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் வெயிலும் எரிச்சலுமாக உட்கார்ந்து, ஆங்கிலம் தெரியாததால் தோற்றேன் என்று நினைத்துக்கொண்டேன். அது பாதி உண்மைதான். அந்த இரண்டாவது கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தாலும் நான் தைலமரத் தோப்பையே சொல்லியிருப்பேன். இது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது மாலை நேரங்களில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அன்று நான் செய்த அதே பிழையைச் செய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அகராதியைப் பற்றி. நேர்காணல் முடிந்து வந்ததும் அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இருக்கும் பல்வேறு வகையான தாவரங்களும் விலங்குகளும் என்கிற மாதிரி விளக்கம் இருந்தது. நான் முன்பே அதில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தேன். எதன்கீழ் தெரியுமா? தாவரங்கள், விலங்குகள் ஆகிய இரண்டு சொற்களின்கீழ். "பல்வேறு வகையான" என்பதன்கீழ் கோடு இல்லை. அந்தச் சொல்லின் உயிர் முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. அகராதி சரியாகத்தான் சொல்லியிருந்தது, நான்தான் பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு அடைமொழியை உமி என்று ஊதிவிட்டிருந்தேன். அகராதி பார்க்கும்போது இன்றும் மாணவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: விளக்கத்தில் உள்ள அடைமொழியை விடாதீர்கள்.

தமிழும் இதில் கொஞ்சம் வழுக்கிவிடுகிறது. பல்லுயிர், பல்லுயிரியம், உயிரினப் பன்மை, உயிர்ப்பன்மயம், பல்லுயிர்ப் பெருக்கம் என்று இதற்கு நம்மிடம் ஏகப்பட்ட பெயர்கள். இந்தப் பெயர்களிலேயே ஒரு பன்மயம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது உயிரினப் பன்மை. பிடிக்காதது பல்லுயிர்ப் பெருக்கம். பெருக்கம் என்றவுடன் மனம் எண்ணிக்கைக்குப் போய்விடுகிறது, மக்கள்தொகைப் பெருக்கம் போல. கொசு பெருகினாலும் பெருக்கம்தானே?

பல்லுயிர் என்பது அழகான பழைய சொல். "பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்" என்ற குறளைத் தெரியாதவர் யார்? ஆனால் அங்கே பல்லுயிர் என்றால் பல உயிர்கள், பசிக்கும் உயிர்கள். அவற்றுக்குச் சோறு போடலாம், காப்பாற்றலாம், எண்ணலாம். ஆங்கிலச் சொல் உயிர்களைக் குறிக்கவில்லை. உயிர்கள் வகைவகையாக இருக்கும் தன்மையைக் குறிக்கிறது. ஓரிடத்தின் குணம் அது. பாயசத்தின் இனிப்பு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயசத்தில் முந்திரி பத்து இருக்கிறது என்று எண்ணலாம். இனிப்பு பத்து இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

இது பிடிபட்டால் இலக்கணம் தானாக வந்துவிடும். "பயோடைவர்சிட்டி" எண்ண முடியாத பெயர்ச்சொல். அதன் முன்னால் ஒன்று என்ற பொருளில் வரும் "எ" வராது, பன்மை விகுதியான "ஸ்" பின்னால் வராது, "மெனி"யும் வராது. "பொறுமைகள்" என்று நாம் சொல்வதில்லை, அதைப் போலத்தான். அது ஓரிடத்தின் குணம் என்பதால், இடத்தின் பெயரோடு "ஆஃப்" போட்டுக் கட்டிவிட வேண்டும்: "தி பயோடைவர்சிட்டி ஆஃப் தி வெஸ்டர்ன் காட்ஸ்". அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, எங்கள் ஊரில் "ரிச் பயோடைவர்சிட்டி" இருக்கிறது என்று. அந்த நான்கையும் எண்ண ஆசை என்றால் அதற்கு "ஹேபிடட்" என்ற சொல் இருக்கிறது, வாழிடம். நான்கு வாழிடங்கள் என்று சொல்லியிருந்தால் அம்மையார் பேனாவைக் கீழே வைத்திருக்கமாட்டார்.

மாணவர்களின் நோட்டுகளில் நான் பார்த்தவை இன்னும் வேடிக்கை. பயோடைவர்சிட்டி காட்டில் வாழ்கிறது, பயோடைவர்சிட்டிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், பயோடைவர்சிட்டி சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகிறது. மூன்றிலும் எழுதியவர் மனத்தில் இருந்தது மான், மயில், குருவி. அப்படியானால் "வைல்ட்லைஃப்" என்று எழுதலாம், "ஸ்பீசீஸ்" என்று எழுதலாம், மான் என்றே எழுதிவிட்டால் இன்னும் நல்லது. இப்படி ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அந்த இடத்தில் "விலங்குகள்" என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் கச்சிதமாகப் பொருந்தினால் நீங்கள் தேடிய சொல் பயோடைவர்சிட்டி அல்ல.

சொல் பிறந்த கதையும் உதவும். இது என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தது. "பயலாஜிக்கல் டைவர்சிட்டி" என்ற இரு சொல் தொடர் அதற்கு முன்பே அறிவியலாளர்களிடம் புழங்கியது. 1986இல் வாஷிங்டனில் இதைப் பற்றி ஒரு பெரிய கூட்டம் நடந்தது. அதற்கான ஏற்பாடுகள் 1985இல் நடந்துகொண்டிருந்தபோது, வால்டர் ரோசன் என்பவர் தொடரைச் சுருக்கி ஒற்றைச் சொல்லாக்கினார். முதல் சொல்லிலிருந்து "லாஜிக்கல்" என்ற பகுதியை உருவி எடுத்ததுதான் அவர் செய்த வேலை. எறும்புகளை ஆராய்ந்தே புகழ்பெற்ற எட்வர்ட் வில்சனுக்கு முதலில் இந்தச் சுருக்கம் பிடிக்கவில்லை, விளம்பரச் சொல் போலப் பகட்டாக இருக்கிறது என்று நினைத்தார். கடைசியில் அந்தக் கூட்டத்தின் கட்டுரைகள் 1988இல் நூலானபோது அதைத் தொகுத்தவர் அவர்தான், அட்டையிலும் அதே சொல்தான். 1992இல் ரியோ டி ஜெனீரோவில் உயிரினப் பன்மையைக் காக்க நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையோ பழைய நீளமான தொடரையே வைத்துக்கொண்டது. நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் நீளமான தொடர்தான். ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் சென்னையில் அமைந்த தேசிய ஆணையத்தின் பெயரில் சுருக்கச் சொல் வந்துவிட்டது. எனவே இரண்டையும் எங்கே பார்த்தாலும் மிரள வேண்டாம், பொருள் ஒன்றே. பேச்சுக்குக் குட்டைச் சொல், சட்டத்துக்கும் உடன்படிக்கைக்கும் பெரும்பாலும் நெட்டைச் சொல்.

இனி உச்சரிப்பு. இதில் நான் பட்டது கொஞ்சமல்ல. தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. ஆறு அசை கொண்ட இந்தச் சொல்லைப் படிக்கட்டில் தகர டின் உருளுவதுபோல் சொல்லி முடிப்போம். அழுத்தம் எங்கே என்று தேடிக் குழம்பிக்கொண்டிருந்தபோது எனக்கு வழி காட்டியது நகரப் பேருந்துதான். காமராசர் பல்கலைக்கழகம் போகும் பஸ்ஸில் நடத்துநர் "யூனிவர்சிட்டி, யூனிவர்சிட்டி" என்று கூவிக்கொண்டிருந்தார். அட, வால் ஒன்றுதானே! யூனி-வர்-சிட்டி, பயோடை-வர்-சிட்டி. இரண்டிலும் அழுத்தம் "வர்" மேல். ஆங்கிலத்தில் "இட்டி" என்று முடியும் சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் விழும். எலக்ட்ரிசிட்டியில் "ட்ரி", எபிலிட்டியில் "பி". ஒரு சொல்லுக்காகக் கற்றது நூறு சொல்லுக்கு உதவுகிறது. மாணவர்களை மேசையில் தட்டச் சொல்வேன். "வர்" வரும்போது மட்டும் பலமாகத் தட்ட வேண்டும். "டை" என்பதை அமெரிக்கர்கள் பலர் "டி" என்றும் சொல்வார்கள். இரண்டும் சரி. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெயரடை வடிவத்தில் நமக்கென்றே ஒரு வம்பு காத்திருக்கிறது. பல்லுயிர் நிறைந்த என்ற பொருளில் "பயோடைவர்ஸ்" என்று ஒரு சொல் உண்டு. இதை முதன்முதலில் வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் குபீரென்று சிரிப்பு. மணவிலக்கை நம் ஊரில் "டைவர்ஸ்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மிகவும் பயோடைவர்ஸ் ஆனது என்றால், மலை யாரோடு கோர்ட்டுக்குப் போனது என்று ஒருத்தி கேட்டாள். மணவிலக்குக்கான ஆங்கிலச் சொல் "டிவோர்ஸ்". வேறுபட்ட என்பதற்குத்தான் "டைவர்ஸ்". நாம் ஒன்றின் உடையை இன்னொன்றுக்கு மாட்டிவிட்டோம். ஆனால் அந்தப் பெண் அறியாமல் ஓர் உண்மையைத் தொட்டிருந்தாள். இரண்டு சொற்களும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, வேறு பக்கம் திரும்புதல் என்று பொருள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பினால் ஒன்று, உயிர்கள் திசைக்கொன்றாகக் கிளைத்தால் மற்றொன்று. இந்தக் கதையைச் சொன்ன பிறகு அந்த வகுப்பில் ஒருவரும் இரண்டையும் குழப்பவில்லை.

தைலமரக் கேள்விக்கு விடை கிடைத்தது புத்தகத்தில் அல்ல. 2011 ஜனவரியில், வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பறவைகளைக் கணக்கெடுக்கப் போகிறேன், எழுதுவதற்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். ஆசியா முழுவதும் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுவார்கள். அவர் இருநோக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுத வேண்டும். விடிவதற்கு முன்பே ஒரு பெரிய கண்மாய்க்குப் போனோம். தண்ணீர் முழுக்கக் கறுப்பாக நாமக்கோழிகள். எண்ண முடியாமல் ஐம்பது ஐம்பதாகக் கட்டம் கட்டி எண்ணினார். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கூடவே சில முக்குளிப்பான்கள், இரண்டு மூன்று கொக்கு வகை. அவ்வளவுதான். எனக்கோ பிரமிப்பு. "என்ன அண்ணே, இவ்வளவு பயோடைவர்சிட்டி!" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

பத்து மணிக்கு வேறு ஒரு சின்னக் கண்மாய். பாதி வற்றியிருந்தது. ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் கோரை, மடையோரம் இரண்டு நாட்டுக் கருவேல மரங்கள். மொத்தம் இருநூறு பறவைகூட இல்லை. ஆனால் நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அரிவாள்மூக்கன், நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், நீலத்தாழைக்கோழி, மடையான், உள்ளான், ஆள்காட்டி, இரண்டு வகை மீன்கொத்தி. பக்கத்தைப் புரட்டியபின்னும் புதிய பெயர்கள் வந்துகொண்டிருந்தன. முடிந்ததும் அண்ணன் நோட்டை வாங்கி இரண்டு பக்கங்களையும் அருகருகே பிடித்துக் காட்டினார். முதல் கண்மாயில் பெயர் வரிசை ஒரு சாண்கூட இல்லை, எண் மட்டும் பெரியது. இரண்டாவதில் பெயர்கள் பக்கம் தாண்டி ஓடின, எண்கள் ஒன்று, மூன்று, ஏழு. "இப்போது சொல்லு தம்பி, எதில் அதிகம்?" என்றார்.

இரண்டு ஆண்டு தாமதமாக அந்த அம்மையாருக்கான பதில் என் நோட்டிலேயே இருந்தது. தைலமரத் தோப்பில் லட்சம் மரம் நின்றாலும் பெயர் வரிசையில் அது ஒரு வரி. கோயில்காட்டில் உசில், வெப்பாலை, காரை, சூரை, பிரண்டை, அவற்றில் ஏறும் கொடி, கொடியில் இருக்கும் பூச்சி, பூச்சியைத் தின்னும் ஓணான் என்று வரி நீண்டுகொண்டே போகும். எங்கள் ஊர்க் கண்மாய் முழுவதும் சீமைக்கருவேலம் மண்டிப் பச்சைப்பசேல் என்று கிடப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் "எவ்வளவு பசுமை" என்பார்கள். பசுமைதான், மறுக்கவில்லை. பெயர் வரிசையில் எத்தனை வரி என்று கேட்டுப் பாருங்கள்.

தலை எத்தனை என்பதற்கு ஆங்கிலத்தில் "அபண்டன்ஸ்" என்று வேறு சொல் இருக்கிறது. எனக்குத் தெரிந்து, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தச் சொல்லில் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மீதிக் கால்வாசி எங்கள் வீட்டு வயலில் இருந்தது. பயோடைவர்சிட்டி என்றால் இனங்களின் வகை மட்டுமல்ல. ஒரே இனத்துக்குள்ளே இருக்கும் வேறுபாடும் அதில் சேரும். கண்மாய், மலை, காடு என்ற சூழல்களின் வேறுபாடும் சேரும். ரியோ உடன்படிக்கை இந்த மூன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறது. இனங்களின் வகையை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைச் சொல்லும்போது திக்குவார்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, கிச்சிலிச் சம்பா எல்லாம் நெல் என்ற ஒரே இனம். இவற்றை "ஸ்பீசீஸ்" என்று எழுதினால் தவறு. பயிருக்கு "வெரைட்டி", ஆடுமாட்டுக்கு "பிரீட்". காங்கேயமும் புலிக்குளமும் இரண்டு "பிரீட்", ஒரே இனம். போகிற போக்கில் இன்னொன்று: "ஸ்பீசீஸ்" என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் அதே வடிவம்தான். ஒன்றே ஒன்று என்பதால் கடைசி "ஸ்" எழுத்தை வெட்டிவிட்டால், நாணயம் என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும்.

ஒரே இனத்துக்குள் இத்தனை வகை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் புகையானைக் காட்டுவேன். என் அப்பா அதோடு மல்லுக்கட்டியே பாதி வாழ்நாளைக் கழித்தவர். அந்தப் பூச்சி சாற்றை உறிஞ்சுவதோடு நிற்காது, நெற்பயிரைக் குட்டையாக்கிப் புல்போல் ஆக்கும் ஒரு வைரஸையும் சுமந்து வரும். 1970களில் ஆசியாவின் நெல் வயல்களை அந்த நோய் ஆட்டிப்படைத்தது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பயிரிடும் நெல்லில் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில்தான் எதிர்ப்புச் சக்தி இருந்தது. அதைக் கலந்து உருவாக்கியவற்றில் ஒன்றுதான் ஐ.ஆர்.36. வயலில் நின்றால் களை என்று பிடுங்கிப் போட்டிருப்போம் அந்தக் காட்டு நெல்லை. இந்தக் கதையைச் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் காட்டு நெல்லை இன்னும் யாராவது வைத்திருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, வாக்கியத்துக்கு வருவோம். எந்தச் சொல்லையும் தனியாகப் படிப்பதில் பயனில்லை, அது யாரோடு கூட்டுச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் சொல்லுக்கு முன்னால் "ரிச்", "ஹை", "கிரேட்" வரும். "பிக்" வராது. குறைவு என்றால் "லோ", "புவர்". காப்பதற்கு "கன்சர்வ்", "புரொடெக்ட்". அச்சுறுத்த "திரெட்டன்". அழிவைச் சொல்ல "லாஸ்". அழிவைச் சொல்வதற்கு மட்டும் இரண்டு வழி உண்டு. "லாஸ் ஆஃப் பயோடைவர்சிட்டி" என்றும் சொல்லலாம், திருப்பிப் போட்டு "பயோடைவர்சிட்டி லாஸ்" என்றும் சொல்லலாம். செய்தித்தாள்களுக்கு இரண்டாவது பிடிக்கும், இடம் மிச்சம்.

"பயோடைவர்சிட்டி ஹாட்ஸ்பாட்" என்ற தொடரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைபேசியில் இணையம் பகிரும் ஹாட்ஸ்பாட் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து உலகின் ஹாட்ஸ்பாட்டுகளில் ஒன்று என்று பிள்ளைகள் பெருமையோடு எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் நார்மன் மையர்ஸ் என்ற சூழலியலாளர் 1988இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோதே அதில் அபாயமும் சேர்ந்திருந்தது. இன்றைய அளவுகோலின்படி வேறெங்கும் இல்லாத 1,500 தாவர இனங்களாவது அங்கே இருக்க வேண்டும், அதோடு இயற்கைத் தாவரப் பரப்பில் 70 சதவீதமாவது ஏற்கெனவே அழிந்திருக்க வேண்டும். எனவே எங்கள் மலை ஹாட்ஸ்பாட் என்று எழுதுவது, எங்கள் வீட்டில் நிறைய நகை இருக்கிறது, முக்கால்வாசி அடகுக் கடையில் இருக்கிறது என்று சொல்வதுபோல. வளம் மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் இந்தத் தொடரைப் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கான பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் செய்யும் தவறு வேறு வகை. பெரிய சொல் தெரிந்துவிட்ட மகிழ்ச்சியில், இரண்டு நிமிடப் பேச்சில் அதை எட்டு முறை சொல்வார்கள். ஒருமுறை போதும். மிச்ச நேரத்துக்குக் கண்மாயில் பார்த்த பறவையைப் பற்றிச் சின்னச் சின்னச் சொற்களில் சொல்லுங்கள்.

2024 டிசம்பரில் நடந்ததோடு முடித்துக்கொள்கிறேன். மேலூர் அருகே அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு மலைகள், சுனைகள், குடைவரைக் கோயில், சமணப் படுக்கை, தமிழி எழுத்து, எல்லாம் ஒரே இடத்தில். லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும் அந்தப் பாறைகளில் வாழ்கின்றன. 2022 நவம்பரில் மாநில அரசு அங்கே 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஆங்கிலத்தில் "பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் சைட்". மூன்று பெயர்ச்சொற்களை வேற்றுமை உருபே இல்லாமல் வண்டிபோல் கோத்திருக்கிறார்கள் பாருங்கள். கடைசிப் பெட்டிதான் முதன்மை, முன்னால் உள்ளவை அதற்கு அடை. இந்தத் தலமும் அடங்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் மேலூர் வட்டாரமே கொதித்தது.

அப்போது என்னிடம் படித்த மாணவி ஒருத்தி ஆங்கில நாளிதழ் ஒன்றுக்கு வாசகர் கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். சுரங்கம் வந்தால் பயோடைவர்சிட்டி செத்துவிடும் என்பது முதல் வாக்கியம். உயிரினம் சாகும், இந்தச் சொல்லுக்குச் சாவு கிடையாது, குறையும் அல்லது இழக்கப்படும் என்று திருத்தினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்குச் சாகிறது என்றுதான் தோன்றுகிறது சார். குறையும் என்றால் ஏதோ பெட்ரோல் விலை குறைவதுபோல் இருக்கிறது." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் சாவை உயிர்களிடமே கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பாறையை உடைத்தால் வல்லூறு கூடு கட்ட இடமில்லாமல் போகும், சுனை வற்றும், சுனையை நம்பியிருக்கும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் செத்துப்போகும் என்று மூன்று சின்ன வாக்கியங்கள். நான்காவதாக, இழப்பைக் குறிக்கும் சொல்லோடு, "ஆஃப்" போட்டு, ஒருமை வினை கொடுத்து, பிசிறில்லாத ஒரு பயோடைவர்சிட்டி வாக்கியம். படித்துப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது.

2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே கடிதம் வெளியாகியிருந்தது. நாளிதழை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வல்லூறு இருந்தது, சுனை இருந்தது, எறும்புத்தின்னியும் இருந்தது. நான்காவது வாக்கியத்தை இடம் போதாமல் வெட்டியிருந்தார்கள்.

"அந்த ஒரு சொல்லுக்காகத்தானே சார் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம்" என்றாள்.